இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு போட்டால்தான் நகரும்.
ஏற இருபது தெத்ரி. இறங்க இலவசம்.
"திபிலிசியில் கீழே போக
எவனும் காசு கேட்பதில்லை" என்பார் வாஜா.

நவம்பரில் மோட்டார் எரிந்தது.
வீட்டுக்கு எண்பது லரி என்று கணக்குப் போட்டு
தபால் பெட்டிகளுக்கு அருகே கூடினோம்,
கோட்டைக் கழற்றாமல்.

கீழ்த்தளத்துக் கோச்சா சொன்னார்:
"கூரைக்குக் கொடுத்தேன்.
மழை எல்லார் மேலும் பெய்யும் என்றீர்கள்.
லிஃப்ட் என் மேல் எப்போது பெய்தது?"

நான் பல்கலைக்கழகத்தில் அறவியல் நடத்துகிறவள்.
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
எந்த மாடி யாருக்கு என்று தெரியாமல்
சீட்டுக் குலுக்குவதாக நினையுங்கள்,
அப்போது என்ன விதி வகுப்போம்?
"எனக்குத்தான் கீழ்த்தளம் விழுந்துவிட்டதே," என்றார் கோச்சா.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

என் கோட்டுப் பையில் அப்போது
நூல் கட்டிய நாணயம் ஒன்று இருந்தது.
நானே ஆணியால் துளைத்தது.
போட்டு, விளக்கு எரிந்ததும்
மெல்ல இழுத்துக்கொள்ளலாம்.
நான்கு வருஷம், நாளுக்கு ஒரு தரம்.
இதையே வேறு யாரோ செய்ததாக
வகுப்பில் சொல்லி விவாதிக்கச் செய்திருக்கிறேன்.
பாதிப் பேர் மன்னித்தார்கள்.

எட்டாம் மாடி வாஜாவுக்கு
வலது கால் முழங்காலோடு சரி.
அந்தக் குளிர்காலம் அவரை முதுகில் சுமந்து
இறக்கியவரும் ஏற்றியவரும்
அதே கோச்சா.
நூற்று நாற்பத்து நான்கு படி. எண்ணியிருக்கிறேன்,
ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனபோது.
"கணக்குக் கேட்டால் காலணா தரமாட்டேன்,
மனசு கேட்டால் உயிரையும் தருவேன்," என்றார், மூச்சிரைக்க.
நான் பாடக்குறிப்பைத் திருத்தினேன்.

பிப்ரவரியில் ஒரு காலை
வாஜா வரமாட்டேன் என்றுவிட்டார்.
சவரம் செய்திருந்தார். கோட்டும் போட்டிருந்தார்.
"ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்குவான்.
ஒவ்வொரு தளத்திலும் நான் நன்றி சொல்வேன்.
இறங்க ஏழு, ஏற ஏழு.
ஒரு ரொட்டிக்குப் பதினான்கு நன்றி.
சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான்,
மூன்று மாதமாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.
யாருக்கும் நன்றி சொல்லாமல்
என் வீட்டுக்கு நான் வர வேண்டும், அவ்வளவுதான்."

ஈகைக்கும் ஒப்புரவுக்கும் நடுவே
எட்டு மாடி இருக்கிறது
என்று அன்றிரவு எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டேன்.
அழகாக இருந்தது, அதனால்.

கோச்சாவிடம் இதைச் சொல்வதா?
சுமந்த முதுகில் எப்படி அடிப்பது?
அதற்குப் பதில் ஒரு கூட்டல் போட்டேன்:
நான்கு வருஷம், தினம் இருபது தெத்ரி.
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு லரி, சில்லறை.
உறையில் இட்டு, வசூல் பெட்டியில் போட்டேன்.
பெயர் எழுதவில்லை.
எழுதாதது அடக்கமா, ஒளிவா?
இதை மட்டும் வகுப்பில் கேட்கவில்லை.

ஏப்ரலில் லிஃப்ட் ஓடியது.
புதுப் பெட்டி என் துளை நாணயத்தைத் துப்பிவிட்டது.
வாஜா தனியாக இறங்கினார்,
முனையைக் கடித்தபடி சூட்டு ரொட்டியோடு வந்தார்,
காசு போட்டார், தனியாக ஏறினார்.
கோச்சா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்,
சுமை பிடுங்கப்பட்டவரைப் போல.

அன்றிரவு எட்டாம் மாடியிலிருந்து
கட்டடமே அதிர ஒரு சத்தம்:
"ஏமாற்றுக்காரா! ராணியை எங்கே ஒளித்தாய்?"
நாற்காலி சாய்ந்தது.
அதைவிடப் பெரிய குரலில் கோச்சா
மறுத்துக்கொண்டிருந்தார்.
படியேறித்தான் போயிருந்தாராம்.